ஒரே தொடக்கக் கோடு, ஒன்றல்லாத வண்டிகள்: உலகப் பல்கலைக்கழக மிதிவண்டிப் போட்டி எழுப்பும் கேள்வி

உலகப் பல்கலைக்கழக மிதிவண்டிப் போட்டியின் முடிவுப் பட்டியல் நமக்கு மூன்று செய்திகளைச் சொல்கிறது: வீரரின் பெயர், அவருடைய நாடு, அவர் எடுத்துக்கொண்ட நேரம். அவர் ஓட்டிய வண்டியின் விலை என்ன, அதற்குப் பணம் கொடுத்தவர் யார், அவருடைய பெயரை அனுப்பிய அலுவலகம் எது, அனுப்பப்படாமல் விடுபட்ட பெயர்கள் எவை என்பன அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. 'தகுதி' என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாக எதிர்கொண்டு வரும் நமக்கு இந்த மௌனம் புதிதன்று. நுழைவுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலும் இதே மொழியில்தான் பேசுகிறது.

மிதிவண்டிப் பந்தயம் இந்தக் கேள்வியை மற்ற விளையாட்டுகளைவிடத் தெளிவாக முன்வைக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் வீரரின் உடலுக்கும் தரைக்கும் இடையே ஒரு காலணி மட்டுமே உண்டு. மிதிவண்டிப் பந்தயத்தில் அங்கே ஓர் எந்திரம் இருக்கிறது. அந்த எந்திரத்துக்கு விலை இருக்கிறது. மாணவர்களுக்காக நடத்தப்படும் ஒரு போட்டியில் அந்த விலையை யார் செலுத்துவது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் பொருள்.

போட்டியின் வரலாறும் விதிகளும்

மாணவர்களுக்கான சர்வதேச விளையாட்டுப் போட்டிகளின் வரலாறு 1923ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தொடங்குகிறது. ழான் பெத்திழான் என்ற பிரெஞ்சுக்காரர் அவ்வாண்டு முதல் சர்வதேசப் பல்கலைக்கழகப் போட்டிகளை ஒருங்கிணைத்தார். இன்று இத்துறையை நிர்வகிக்கும் சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு 1949இல் உருவானது. 'ஃபிசு' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ளது. 1959இல் இத்தாலியின் தூரின் நகரில் முதல் யுனிவர்சியாட் நடந்தது. அதுவே இன்று உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் என்ற பெயரில் தொடர்கிறது.

ஃபிசு இரு வகைப் போட்டிகளை நடத்துகிறது. பல விளையாட்டுகள் ஒருங்கே இடம்பெறும் பெருவிழா வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக நடத்தப்படும் உலகப் பல்கலைக்கழகச் சாம்பியன்ஷிப் போட்டிகள் இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும். மிதிவண்டி பெரும்பாலும் இரண்டாவது வகையிலேயே இடம்பெற்று வந்துள்ளது. 2006இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப், 2008இல் நெதர்லாந்தின் நைமேகன், 2016இல் பிலிப்பைன்ஸின் தகாய்தாய், 2018இல் போர்ச்சுகலின் பிராகா ஆகிய நகரங்கள் இப்போட்டியை நடத்தின. 2011இல் சீனாவின் ஷென்ஜென் நகரில் நடந்த யுனிவர்சியாட் பெருவிழாவிலும் மிதிவண்டிப் பந்தயங்கள் சேர்க்கப்பட்டிருந்தன.

இப்போட்டியைச் சிறு பிள்ளைகளின் பயிற்சிக் களம் என்று ஒதுக்கிவிட முடியாது. நைமேகனில் பட்டம் வென்ற நெதர்லாந்து மாணவி எலன் வான் டைக், பின்னர் 2013, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் தனிநேரப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனார். 2022 மே மாதத்தில் ஒரு மணி நேரத்தில் 49.254 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனையும் படைத்தார். பல்கலைக்கழகப் போட்டி, திறமையுள்ள ஒரு மாணவி உலகின் கண்ணில் படும் இடங்களுள் ஒன்று. ஆகவே அந்த இடத்துக்கு யார் வர முடிகிறது என்பது சிறிய கேள்வியன்று.

பங்கேற்கும் தகுதியைக் குறித்த ஃபிசுவின் விதிகள் படிக்க எளியவை. போட்டியாளர் ஏதேனும் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டும்; அல்லது அண்மையில் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். வயது 25ஐக் கடந்திருக்கக் கூடாது. தாம் பிரதிநிதித்துவம் செய்யும் நாட்டின் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். குடும்ப வருமானம், பிறப்பு, நிறம் எதுவும் விதிகளில் இல்லை. தாளில் எல்லா மாணவருக்கும் திறந்திருக்கும் இப்போட்டிக்கு நடைமுறையில் மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு: பெயர்ப்பட்டியல்

எந்த மாணவரும் தாமாக விண்ணப்பித்து இப்போட்டியில் கலந்துகொள்ள இயலாது. அந்தந்த நாட்டின் தேசியப் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பே வீரர்களின் பெயர்களை அனுப்ப வேண்டும். இந்தியாவில் அந்தப் பொறுப்பு, 1925இல் தொடங்கப்பட்ட இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் உள்ளது. கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி, அனைத்திந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, அதன்பின் தேசியத் தேர்வு என்று படிகள் செல்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு மேசை இருக்கிறது. மேசைக்குப் பின்னால் பெயரை எழுதும் ஒருவர் இருக்கிறார்.

அந்த மேசைகளில் நடப்பதை வெளியுலகம் எப்போதேனும்தான் காண்கிறது. 2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்–ரூர் பகுதியில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் நடந்தபோது அப்படியொரு காட்சி வெளிப்பட்டது. இந்திய இறகுப்பந்துக் குழுவில் பன்னிரண்டு பேர் சென்றிருந்தனர். கலப்புக் குழுப் போட்டியில் ஆட அனுமதி கிடைத்ததோ ஆறு பேருக்கு மட்டுமே. எஞ்சியோரின் பெயர்களை அலுவலர்கள் உரிய முறையில் பதிவு செய்யவில்லை என்று ஆட வாய்ப்பிழந்த வீரர்கள் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினர். அணி வெண்கலப் பதக்கம் வென்றது. எஞ்சிய ஆறு பேர் தேர்வில் வென்று, கடல் கடந்து சென்றும், அந்தக் குழுப் போட்டியில் ஆட முடியவில்லை. சங்கம் பின்னர் விசாரணைக்கு உத்தரவிட்டது.

அவர்கள் தேர்வாகிச் சென்றவர்கள். ஊடகத்திடம் பேசும் குரல் அவர்களுக்கு இருந்தது. மாவட்டத் தலைநகரில் உள்ள ஓர் அரசுக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாத தேர்வு அறிவிப்பு எந்த ஊடகத்திலும் வராது. எந்தத் தேதியில் தேர்வு, எத்தனை இடங்கள், யார் தேர்வானார்கள், எந்த நேர அளவின் அடிப்படையில் என்ற விவரங்கள் பொதுவெளியில் வைக்கப்படாதவரை, தொடர்பும் அறிமுகமும் உள்ளவர்களே முதலில் செய்தி அறிவார்கள். கல்வி நிறுவனங்களில் அறிமுகம் என்பது பெரும்பாலும் எந்த வழியாகப் பயணிக்கிறது என்பதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் கதவு: வண்டி

சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவரின் உழைப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, காற்றைக் கிழித்துச் செல்வதற்கே செலவாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே காற்றைக் குறைவாகத் தடுக்கும் சட்டகம், ஆழமான சக்கர விளிம்பு, உடலோடு ஒட்டிய உடை, கூர்மையான தலைக்கவசம் ஆகிய ஒவ்வொன்றும் சில நொடிகளை விலைக்கு வாங்கித் தருகின்றன. முதலிடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு பல வேளைகளில் அத்தகைய சில நொடிகள்தான்.

சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் இதற்கு ஓரளவு கடிவாளம் இட்டுள்ளது. பந்தய வண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது அதன் விதி. எடைக்குக் கீழ்வரம்பு வைத்த ஒன்றியம் விலைக்கு மேல்வரம்பு வைக்கவில்லை. கார்பன் இழையால் செய்யப்பட்ட தரமான பந்தய வண்டி இந்தியச் சந்தையில் இலட்சங்களில் விலை போகிறது. உச்சநிலை வண்டிகள் பத்து இலட்சம் ரூபாயையும் கடக்கின்றன.

இந்தத் தொகையை இன்னொரு தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில், 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, மிக உயர்ந்த பிரிவில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்குக் கட்டணம் நீங்கலாகக் கிடைக்கும் கல்விப்படி ஆண்டுக்கு 13,500 ரூபாய். வீட்டிலிருந்து வந்து படிப்பவருக்கு அது 7,000 ரூபாய். இத்திட்டத்துக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 இலட்சம். உச்சநிலைப் பந்தய வண்டி ஒன்றின் விலையில், இந்த வரம்புக்குள் வாழும் ஒரு குடும்பம் நான்கு ஆண்டுகள் வாழ வேண்டும்.

பந்தயத்தின் எல்லா வகைகளிலும் பணம் ஒரே அளவில் பேசுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சாலைப் பந்தயத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூட்டமாகச் செல்லலாம். முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு உழைப்பில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் மிச்சமாகும். இந்த நிழல் இலவசம். மலிவான வண்டியில் வந்தவரும் அதில் ஒதுங்கலாம். மலையேற்றம் வரும்போது வலுவான கால்களே முடிவு செய்யும். தனிநேரப் பந்தயத்தில் இந்த ஒதுக்கிடம் இல்லை. ஒவ்வொருவரும் தனியாகப் புறப்பட்டு, தனியாகக் காற்றோடு போராட வேண்டும். அங்கே வண்டியின் விலை நேரடியாகக் கடிகாரத்தில் பதிவாகிறது.

இவற்றோடு பயணச் செலவும் சேர்கிறது. வெளிநாட்டுப் போட்டிக்கு வண்டியைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றுவதற்கும், போட்டி நாள்களில் தங்குவதற்கும், பழுது பார்க்கும் தொழிலாளரை உடன் அழைத்துச் செல்வதற்கும் பணம் வேண்டும். நாட்டு அமைப்போ பல்கலைக்கழகமோ அதைத் தராவிட்டால் சுமை பெற்றோரின் தோளில் இறங்கும். அந்த இடத்தில் தேர்வு பெற்ற ஒரு மாணவர் தாமாகவே விலகிவிடுவார். பதிவேட்டில் அது 'விருப்பமில்லை' என்றே எழுதப்படும்.

மூன்றாம் கதவு: சாலை

பந்தய வீரருக்கு வாரந்தோறும் பல நூறு கிலோமீட்டர் சாலை தேவை. நேரமும் தேவை. வகுப்பு முடிந்ததும் வேலைக்குச் செல்லும் மாணவருக்கு நேரம் இல்லை. சாலையோ எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருப்பதில்லை.

ஆதிக்கச் சாதியினரின் தெருவில் தலித்துகள் மிதிவண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு, தமிழகச் சிற்றூர்களில் தீண்டாமை வடிவங்களை ஆவணப்படுத்தியோர் மீண்டும் மீண்டும் பதிவு செய்த ஒன்று. மிதிவண்டியில் அமர்ந்து செல்வதே மீறலாகக் கருதப்பட்ட ஊரில், அதிகாலையில் முழு வேகத்தில் பயிற்சி செய்யும் தலித் இளைஞரை, அதிலும் ஓர் இளம்பெண்ணை, நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பயிற்சிச் சாலை என்பது தாரும் கல்லும் மட்டுமன்று. அதில் அச்சமின்றிச் செல்லும் உரிமையும் அதன் பகுதி.

இந்தத் தடை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆப்கானிஸ்தானின் ஒடுக்கப்பட்ட ஹசாரா சமூகத்தைச் சேர்ந்த மசோமா அலி சாதா, காபூலில் பெண்கள் மிதிவண்டிக் குழுவில் பயிற்சி செய்தபோது அவமதிப்புக்கும் தாக்குதலுக்கும் ஆளானார். பிரான்சில் புகலிடம் பெற்று, லில் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படித்துக்கொண்டே பயிற்சியைத் தொடர்ந்தார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் சார்பில் தனிநேரப் பந்தயத்தில் ஓட்டினார். முடிவுப் பட்டியலில் அவருடைய இடம் கடைசி. அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.

'திறமை தானே வழி தேடிக்கொள்ளும்' என்ற வாதம்

இவ்வளவையும் கேட்டபின், திறமை உள்ளவர் எப்படியும் வென்றுவிடுவார் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்குச் சாதகமாகத் தோன்றும் ஒரு சான்றை நாமே எடுத்துக்கொள்வோம். டோக்கியோவில் மகளிர் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கணித ஆய்வாளர். அப்போது அவருக்குத் தொழில்முறை அணி ஒப்பந்தம் எதுவும் இல்லை. பயிற்சியையும் உணவையும் வியூகத்தையும் தாமே திட்டமிட்டுக் கொண்டார். அவர் முன்னால் சென்றுவிட்டதைப் பின்னால் வந்த முன்னணி வீராங்கனைகள் அறியவே இல்லை. இரண்டாவதாக வந்தவர் தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார்.

அது மாபெரும் வெற்றி. ஆனால் அவர் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஊதியம் பெற்ற ஆய்வாளர் என்பதையும் நாம் சேர்த்தே பார்க்க வேண்டும். பெரிய அணியின் உதவியின்றி வெல்ல முடியும் என்பதை அவர் நிறுவினார். வண்டியும் ஊதியமும் பாதுகாப்பான சாலையும் இன்றி வெல்ல முடியும் என்பதற்கு அவர் சான்றாக மாட்டார்.

மிதிவண்டி விளையாட்டின் தொடக்கக் காலத்திலேயே வேறொரு சான்று இருக்கிறது. 1878இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்த கறுப்பின வீரர் மேஜர் டெய்லர், 1899இல் மாண்ட்ரியலில் உலகச் சாம்பியன் ஆனார். அவருடைய தந்தை வேலை செய்த வசதி படைத்த குடும்பம் சிறுவனுக்கு ஒரு மிதிவண்டியைத் தந்தது. அங்கிருந்தே அவருடைய பயணம் தொடங்கியது. அதே நாட்டின் மிதிவண்டி ஓட்டுநர் சங்கம் 1894இல் கறுப்பினத்தவர் உறுப்பினராகக் கூடாது என்று விதி செய்தது. அந்த விதி முறைப்படி நீக்கப்பட்டது 1999இல். ஒரு சிறுவனுக்குத் தற்செயலாக ஒரு வண்டி கிடைத்தது. கிடைக்காத சிறுவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. அது தற்செயலைச் சார்ந்ததன்று. நிகோபார் தீவைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018இல் இளையோர் உலகத் தடகள மிதிவண்டிப் போட்டியில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் இளையோர் அணி விரைவுப் பந்தயத்தில் இந்தியா தங்கம் வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். சுனாமியில் உயிர்தப்பிய டெபோரா ஹெரால்டும் அதே தீவுகளிலிருந்து வந்து நாட்டின் முன்னணி வீராங்கனை ஆனவர். இவர்கள் பயிற்சி பெற்றது டெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கில், பொதுப்பணத்தில் கட்டப்பட்ட உள்ளரங்க ஓடுதளத்தில். பயிற்சியாளரும் தங்குமிடமும் வண்டியும் அரசின் ஏற்பாடு. பெருநிலத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தீவுகளின் திறமை, வண்டி கையில் வந்ததும் உலக மேடையை எட்டியது.

வேறு ஏற்பாடு சாத்தியமே

கருவியின் விலை முடிவைத் தீர்மானிக்காதபடி பந்தயம் நடத்த முடியுமா? முடியும் என்பதற்கு நடைமுறைச் சான்றுகள் உள்ளன. ஜப்பானில் 1948 முதல் நடந்துவரும் கெய்ரின் பந்தயத்தில், சான்றளிக்கப்பட்ட எஃகுச் சட்டகமும் சான்றளிக்கப்பட்ட உதிரிபாகங்களும் கொண்ட வண்டிகளையே வீரர்கள் பயன்படுத்த வேண்டும். பொதுமக்கள் பணம் கட்டிப் பார்க்கும் பந்தயம் அது; ஒருவரின் வண்டி மற்றவரின் வண்டியைவிட மேலானதாக இருந்தால் மக்களின் நம்பிக்கை கெடும் என்பதால் அங்கே சமத்துவம் கட்டாயமாயிற்று. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான பாய்மரப் படகுப் போட்டிகளில் படகுகளைப் போட்டி நடத்தும் கல்லூரியே தருகிறது. அணிகள் படகுகளை மாற்றி மாற்றி ஓட்டுகின்றன. நல்ல படகு யாருக்கும் நிலையான சொத்து ஆவதில்லை.

சூதாட்டத்தின் நம்பகத்தன்மைக்காகச் செய்ய முடிந்த ஒன்றைக் கல்வியின் பெயரால் நடக்கும் போட்டியில் செய்ய முடியாது என்று யாரும் வாதிட முடியாது. மாணவர் போட்டிகளில், குறைந்தபட்சம் தனிநேரப் பந்தயத்திலேனும், ஒரே வகை வண்டியைக் கட்டாயமாக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் அதைத் தொடங்கிப் பார்ப்பதற்கு ஃபிசுவின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

அரசு இதற்கான முதல் அடியை முன்பே வைத்திருக்கிறது. தமிழகத்தில் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001–02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகவே தொடங்கப்பட்டு, பின்னர் மற்ற மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. கல்விக்குச் செல்லும் வழியில் மிதிவண்டி ஒரு பொதுப் பொறுப்பு என்ற கொள்கை இத்திட்டங்களில் அடங்கியுள்ளது. அந்தப் பொறுப்பு பள்ளி வாசலோடு முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும், விளையாட விரும்பும் மாணவர் தம் வண்டியைத் தாமே கொண்டுவர வேண்டியவர் ஆகிறார்.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் எளியவை. பல்கலைக்கழகங்கள் நூலகத்தில் நூல்களை வைத்திருப்பது போலப் பந்தய வண்டிகளைப் பொதுவில் வைத்திருந்து தேர்வுக்கு வரும் எவருக்கும் தர வேண்டும். தேர்வு நாள், நேர அளவு, தேர்வானோர் பட்டியல் ஆகியவை இணையத்தில் வெளியிடப்பட வேண்டும். சர்வதேசப் போட்டிக்குத் தேர்வானவரின் பயணச் செலவு முழுவதையும் நிறுவனமே ஏற்க வேண்டும். அணிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். எண்ணப்படாத இல்லாமை, இல்லாமையாகவே கருதப்படுவதில்லை.

1913இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். அவருடைய அறிவை அந்தத் தொகை உண்டாக்கவில்லை. அந்த அறிவு உலகத்தின் முன் வந்து நிற்பதற்கான கப்பல் கட்டணத்தையும் உணவையும் அது தந்தது. கட்டணத்தைப் பெற்ற ஒருவரை நாம் அறிவோம். அதைப் பெறாமல் போனவர்களின் திறமையை அளக்க அன்றும் கருவி இல்லை, இன்றும் இல்லை. அடுத்த பல்கலைக்கழக மிதிவண்டிப் போட்டிக்கு இந்திய அணி அறிவிக்கப்படும் நாளில், யார் தேர்வானார்கள் என்பதோடு, தேர்வுக்கு வர எத்தனை மாணவர்களுக்கு வண்டி இருந்தது என்ற கேள்வியையும் நாம் எழுப்ப வேண்டும்.